வாளையை ஏரியில் விடும் முன்: கணினியில் ஒத்திகை பார்ப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வண்ண மீன் தொழிலுக்குப் பெயர்பெற்ற சென்னை கொளத்தூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் மொட்டை மாடியில் மீன்தொட்டி உண்டு. மீனைப் பிடிக்கவும், ஆக்சிஜன் நிரப்பிய பையில் கட்டவும், வேறு நீரில் பதமாக விடவும் சிறுவர்களுக்கே தெரியும். அந்தத் தைரியத்தில்தான் பல ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் சிலர் சேர்ந்து, பக்கத்து ஏரியில் நாட்டுக் கெண்டைக் குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் விட்டோம். அடுத்த கோடையில் ஏரியின் நடுவில் கிரிக்கெட் ஆடினார்கள். எத்தனை குஞ்சு விட்டோம் என்பதற்குக் கணக்கு இருந்தது. எத்தனை பிழைத்தன என்பதற்கு ஒரு எண்கூட இல்லை.

அந்தக் கோடைக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். அழிவின் விளிம்பை நோக்கிப் போகும் ஒரு நன்னீர் மீனை அதன் பழைய வாழிடத்தில் மீண்டும் குடியேற்ற நினைப்பவர்கள், முதல் மீனைத் தண்ணீரில் விடும் முன், அந்த ஏரியையும் அந்த மீனையும் முப்பது ஆண்டுகளுக்குக் கணினியில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பாடப்புத்தகங்கள் இதைச் சிமுலேஷன் என்கின்றன. நாடகக்காரர்களின் சொல்லில் ஒத்திகை. மேடையில் விழுந்தால் எழுந்திருக்க முடியாது. ஒத்திகையில் ஆயிரம் முறை விழலாம்.

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கூட்டலும் பெருக்கலும் தெரிந்த ஒருவர், எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் உள்ள ஒரு கணினி, ஊரில் மீன் தெரிந்த நாலு பெரியவர்கள் போதும்.

எடுத்துக்காட்டுக்கு எடுத்துக்கொள்ளும் மீன்

ஆற்று வாளையை எடுத்துக்கொள்கிறேன். காசிமேட்டில் வாளை என்று கேட்டால் வெள்ளி நாடா போல் நீண்ட கடல் மீனைக் காட்டுவார்கள். நான் சொல்வது அதுவல்ல; அகன்ற வாயும் நீண்ட மீசையும் உடைய, செதிலற்ற நன்னீர் வாளை. வல்லாகோ அட்டு என்பது அதன் அறிவியல் பெயர். மருத நிலத்தைப் பாடிய பழம்புலவர்கள் வயலோரக் குளத்தில் துள்ளவிட்ட மீன் இதுதான். இன்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 'அழிவாய்ப்புள்ளவை' என்ற வகையில் இருக்கிறது.

ஒத்திகைக்கு இது நல்ல மீன். பெண் மீன் ஏராளமாக முட்டையிடும். ஆனால் குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னும். வெள்ளம் பரவும் ஆழமற்ற நீரைத் தேடிப்போய் முட்டையிடும். ஆனால் பெரிய மீனுக்கு ஆண்டு முழுவதும் ஆழமான நீர் வேண்டும். இந்த இரண்டு முரண்களும் கணக்கில் வந்தாக வேண்டும்.

இடத்துக்கு ரெட்டேரி போன்ற ஒரு வடசென்னை ஏரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீன் எடுக்கும் இடம் கொசஸ்தலை ஆற்றின் மேற்பகுதி. கீழே வரும் வாழ்வு விகிதங்களும் மீன் எண்ணிக்கைகளும் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. எந்த ஏரியிலும் அளந்தவை அல்ல. உங்கள் மீனுக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் படி: அங்கே இருந்ததா, ஏன் போனது?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2013இல் வெளியிட்ட மறு அறிமுக நெறிமுறைகள் இதில் தெளிவாக இருக்கின்றன. அந்த உயிரினம் முன்பு வாழ்ந்த இடமாக இருக்க வேண்டும். அதை அழித்த காரணம் நீக்கப்பட்டோ போதிய அளவு குறைக்கப்பட்டோ இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நீங்கள் செய்வது மறு அறிமுகம் ஆகாது.

பழைய இருப்பை அறிய நமக்கு நல்வாய்ப்பு உண்டு. மீன்களைப் பெயரிட்டு வகைப்படுத்திய பிரான்சிஸ் டே 19ஆம் நூற்றாண்டில் மதராஸில் பணியாற்றியவர். அதனால் இந்த ஊரின் நன்னீர் மீன்களுக்கு நூற்றைம்பது ஆண்டுப் பதிவுகள் இருக்கின்றன. அதோடு நிறுத்தாமல் ஏரிக்கரை வீடுகளுக்குப் போங்கள். பழைய உள்நாட்டு மீனவர்களிடம் 'கடைசியாக எப்போது வாளை பிடித்தீர்கள், எந்த மதகருகே, எவ்வளவு நீளம்' என்று கேளுங்கள். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அங்கே துறை ஆசிரியரைச் சந்தித்து, ஏரி நீரில் கரைந்திருக்கும் மரபணுத் தடத்தைச் சோதிக்க வழி உண்டா என்று விசாரியுங்கள். மீன் இன்னும் அங்கேயே ஒளிந்திருந்தால் உங்கள் வேலை முற்றிலும் வேறு: இருப்பதைக் காப்பது.

காரணங்களை எழுதும்போது தயங்காதீர்கள். கழிவுநீர் கலந்த வரத்துக்கால்வாய். தூண்டிலும் அடர்ந்த கண்ணி வலையும். கொசுவை ஒழிக்கவென்று விடப்பட்டு நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும் கம்பூசியா. 1950களில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீன். தடை செய்யப்பட்ட பிறகும் ஒழியாத ஆப்பிரிக்கக் கெளுத்தி. எங்கள் வண்ண மீன் தொழிலிலிருந்தே தப்பி ஏரிகளில் பெருகிய, கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யும் சக்கர் மீன். இதை எழுத எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் கணக்கு பொய்யாகும்.

நீரின் தரத்தை விடியற்காலையில் அளக்க வேண்டும். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து உயிர்வளியை (ஆக்சிஜனை) கூட்டிவிடும்; இரவெல்லாம் எல்லா உயிரும் அதை உறிஞ்ச, சூரியன் எழும் நேரத்தில்தான் அளவு மிகக் குறைவாக இருக்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மீன்வளத்துக்கான நீரில் கரைந்த உயிர்வளி லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது என்கிறது. நண்பகலில் 8 காட்டிய ஏரி விடியலில் 1 காட்டினால், அந்த 1தான் மீனின் விதி. ஓராண்டு அளந்தும் இந்த எல்லைக்குள் வராத ஏரிக்கு ஒத்திகையே வேண்டாம். அங்கே செய்ய வேண்டியது சாக்கடையைத் திருப்புவது.

இரண்டாம் படி: மீனின் வாழ்க்கையை நான்கு எண்களாக்குங்கள்

1945இல் பி. எச். லெஸ்லி என்பவர் ஓர் எளிய வழியைத் தந்தார். உயிரினத்தை வயது வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வயதிலிருந்தும் அடுத்த வயதுக்கு எத்தனை பங்கு போகிறது, எத்தனை புதிதாகப் பிறக்கிறது என்று ஓர் அட்டவணையில் எழுதுவது. இன்றுவரை இந்தத் துறையின் முதுகெலும்பு அதுதான்.

வாளைக்கு மூன்று அறைகள் வைத்துக்கொள்கிறேன்: ஓராண்டுக் குஞ்சு, ஈராண்டு இளமீன், மூன்றாண்டும் அதற்கு மேலும் ஆன பெரிய மீன். ஓராண்டுக் குஞ்சுகளில் நூற்றுக்கு 40 ஈராண்டை எட்டுகின்றன. ஈராண்டு மீன்களில் 50 பெரிய மீனாகின்றன. பெரிய மீன்களில் 60 அடுத்த ஆண்டும் உயிரோடு இருக்கின்றன. நான்காவது எண் முட்டை: ஒரு பெண் 50,000 முட்டை இடுவதாகவும், பெரிய மீன்களில் பாதி பெண் என்றும் வைத்துக்கொள்வோம்.

இனி ஒரே கேள்விதான் மிச்சம். இந்த மீனினம் பெருகவும் செய்யாமல் தேயவும் செய்யாமல் இருக்க, ஒரு லட்சம் முட்டையில் எத்தனை குஞ்சு ஓராண்டு தாண்ட வேண்டும்? போட்டுப் பார்த்தால் விடை 8. லட்சத்துக்கு எட்டு! 10 பிழைத்தால் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் பெருகும். 6 பிழைத்தால் ஆண்டுக்குச் சுமார் 6 சதவீதம் தேயும். வாழ்வுக்கும் அழிவுக்கும் இடையே லட்சத்தில் நாலு குஞ்சுதான் நிற்கிறது. இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். முட்டைப் பிழைப்பை எட்டிலேயே வைத்துக்கொண்டு, பெரிய மீனின் பிழைப்பை மட்டும் 60இலிருந்து 50 ஆக்குங்கள். அதாவது நூறு பெரிய மீனில் பத்தைக் கூடுதலாக வலை எடுத்துக்கொள்கிறது. இனம் ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கும் மேல் தேயத் தொடங்குகிறது. ஒரு லட்சம் முட்டையில் இரண்டு குஞ்சை இழப்பதும், நூறு தாய் மீனில் பத்தை வலைக்குக் கொடுப்பதும் கிட்டத்தட்ட ஒரே பாதிப்பு. முதலாவதை நாம் நேரடியாகத் தடுக்க முடியாது. இரண்டாவதை ஏரிக்கரை மீனவர்களோடு உட்கார்ந்து பேசித் தடுக்கலாம்.

எண்கள் எங்கிருந்து வரும்? ஆய்வுக் கட்டுரைகளில் கொஞ்சம். மீதியை மனிதர்களிடம் கேட்டுத்தான் பெற வேண்டும், அதற்கும் முறை உண்டு. 'எத்தனை பிழைக்கும்' என்று ஒற்றை எண்ணாகக் கேட்காதீர்கள். மிகக் குறைந்தால் எவ்வளவு, மிக அதிகமாக எவ்வளவு, பெரும்பாலும் எவ்வளவு, இதில் உங்களுக்கு எவ்வளவு உறுதி என்று நான்காகக் கேளுங்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் மூத்தவர் சொன்னதையே எல்லாரும் சொல்வார்கள். பையில் கட்டிக் கொண்டுபோகும்போது எத்தனை சாகும் என்ற எண்ணைக் கொளத்தூரில் மீன் பொதி கட்டுபவர்களிடம் கேளுங்கள். எந்தக் கட்டுரையிலும் இல்லாத துல்லியம் அவர்கள் கையில் இருக்கிறது.

மூன்றாம் படி: எக்செலில் முதல் ஓட்டம்

ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பத்தி. அடுத்த ஆண்டின் ஓராண்டுக் குஞ்சு என்பது இந்த ஆண்டின் பெரிய மீன் பெருக்கல் 2.5. இந்த எண், லட்சத்துக்குப் பத்து முட்டை பிழைக்கும் நிலையில் ஆண் பெண் இரண்டையும் சேர்த்து ஒரு பெரிய மீனுக்கு வரும் சராசரி. அடுத்த ஆண்டின் இளமீன், இந்த ஆண்டின் குஞ்சு பெருக்கல் 0.4. அடுத்த ஆண்டின் பெரிய மீன், இளமீனில் பாதியும் பெரிய மீனில் 0.6 பங்கும் சேர்ந்தது. மூன்று சூத்திரம்; கீழே இழுத்தால் முப்பது ஆண்டு ஓடிவிடும்.

இப்போது 100 ஓராண்டுக் குஞ்சுகளை விடுங்கள். முதல் ஆண்டில் அவை 40 இளமீன். இரண்டாம் ஆண்டில் 20 பெரிய மீன். மனம் நிறைகிறது. மூன்றாம் ஆண்டில் 12. நான்காம் ஆண்டில் வெறும் 7. அதன் பிறகுதான் ஏரியிலேயே பிறந்த முதல் தலைமுறை வளர்ந்து சேர்ந்து, ஐந்தாம் ஆண்டில் 14 ஆகிறது.

அந்த நான்காம் ஆண்டுப் பள்ளம்தான் ஒத்திகை காட்டும் முதல் உண்மை. சராசரிக் கணக்கில் ஏழு மீன் என்பது வெறும் எண். உண்மை ஏரியில் ஏழு மீன் என்றால் ஒரு தூண்டில்காரரின் ஒரு நல்ல வாரம்.

அதே குஞ்சுகளை ஆண்டுக்கு நூறாக ஐந்து ஆண்டுகளுக்கு விட்டால் என்ன ஆகும்? ஆறாம் ஆண்டில் 68 பெரிய மீன். நடுவில் பள்ளமே இல்லை. ஐந்நூறையும் முதல் நாளே கொட்டினால் ஆறாம் ஆண்டில் 73 வரும். ஆனால் நான்காம் ஆண்டில் 36க்கு இறங்கி ஏறும். முடிவில் ஐந்தே மீன் வித்தியாசம். ஆபத்தில் உள்ள வித்தியாசமோ மிகப் பெரிது. ஏன் என்பதை ஐந்தாம் படியில் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் டிரவுட் காட் என்ற அருகிய மீனை ஓவன்ஸ் ஆற்றில் மீட்டவர்கள் 1997 முதல் பத்து ஆண்டுகள் தொடர்ந்து குஞ்சுகளை விட்டார்கள். அந்த மீனுக்காகவே எழுதப்பட்ட கணினி மாதிரிகள் அந்நாட்டு ஆய்வாளர்களுக்குத் துணையாக இருந்தன.

நான்காம் படி: ஏரிக்கு எல்லை கட்டுங்கள்

மேலே உள்ள கணக்கை நூறு ஆண்டு ஓட்டினால் ஏரி கொள்ளாத அளவுக்கு மீன் வரும். உண்மையில் வாளை பெருகப் பெருகக் குஞ்சைத் தின்னும் வாயும் பெருகும். 2.5 என்ற நிலையான எண்ணுக்குப் பதிலாக இப்படிப் போடுங்கள்: 2.5ஐ, 1 கூட்டல் பெரிய மீன் வகுத்தல் 800 என்பதால் வகுங்கள். பெரிய மீன் குறைவாக இருக்கும்போது 2.5க்கு அருகிலேயே இருக்கும். பெரிய மீன் 200ஐ எட்டும்போது சரியாக 2 ஆகும். இனம் அங்கே நிலைத்து நிற்கும். பெவர்ட்டன், ஹோல்ட் என்ற மீன்வள ஆய்வாளர்கள் இருவரும் கடல் மீன்பிடிப்புக்காக 1957இல் வெளியிட்ட சூத்திரத்தின் எளிய வடிவம் இது. 800க்குப் பதில் எந்த எண் என்பது உங்கள் ஏரியின் பரப்பையும் அதிலுள்ள சிறு மீன் இரையையும் பொறுத்தது.

ஐந்தாம் படி: நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும்

இதுவரை செய்தது பாதி வேலைகூட இல்லை. சராசரிக் கணக்கில் எந்த ஏரியும் வற்றுவதில்லை. சென்னைக்குச் சராசரி ஆண்டு என்ற ஒன்று வருவதும் அரிது.

முதலில் சிறு எண்ணிக்கையின் சூது. நான்கு பெரிய மீன் மட்டுமே மிஞ்சினால், நான்கும் ஆணாகவோ நான்கும் பெண்ணாகவோ இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. அப்படியானால் அந்த இனம் அங்கே முடிந்தது, நீர் எவ்வளவு தெளிந்திருந்தாலும். எனவே 'நூற்றுக்கு அறுபது பிழைக்கும்' என்று பெருக்காமல், ஒவ்வொரு மீனுக்கும் கணினியைக் காசு சுண்டச் சொல்ல வேண்டும். எக்செலில் 0க்கும் 1க்கும் இடையே ஒரு தற்செயல் எண் தரும் கட்டளை இருக்கிறது. அந்த எண் 0.6க்குக் கீழே வந்தால் மீன் உயிரோடு, மேலே வந்தால் இல்லை. மீன் அதிகமானால் ஆர் அல்லது பைதான் என்ற நிரல் மொழிக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வறட்சி. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவான 11,257 மில்லியன் கன அடியில் ஒரு சதவீதம்கூட நீர் இல்லை. 2003-04இலும் நகரம் தண்ணீர் லாரியின் பின்னால் ஓடியது. குடிநீர் வாரியம் ஏரிகளின் நீர் இருப்பை நாள்தோறும் வெளியிடுகிறது. அந்தப் பழைய பதிவுகளைத் திரட்டி, உங்கள் ஏரி எத்தனை ஆண்டுக்கொரு முறை அடிமண் தெரிய வற்றியது என்று பாருங்கள்.

பத்தாண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்கு. எந்த ஆண்டிலும் வறட்சி வர பத்தில் ஒரு வாய்ப்பு. ஐந்து ஆண்டுக்குள் ஒரு முறையாவது வர 41 சதவீதம். ஐந்நூறு குஞ்சையும் ஒரே நாளில் கொட்டியவர் இந்த 41ஐத் தலையில் ஏற்றிக்கொள்கிறார். ஐந்தாண்டுக்குப் பிரித்து விடுபவரோ வறட்சிக்குப் பின்னும் கையில் குஞ்சு வைத்திருப்பார்.

ஏரி முழுவதும் வற்றி எல்லா மீனும் சாகும் என்றால், இருபது ஆண்டுக்குள் இனம் அற்றுப்போக 88 சதவீத வாய்ப்பு. நூறு மீன் விட்டாலும் ஒரு லட்சம் மீன் விட்டாலும் அதே 88தான். விடும் எண்ணிக்கைக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. மீன்குஞ்சு விடும் விழாக்களில் பலகையில் பெரிதாக எழுதப்படும் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வருகிறது.

சரி, ஏரியில் ஒரு மடு இருக்கிறது. வறட்சியிலும் அதில் கொஞ்சம் நீர் நிற்கும் என்று வைப்போம். அந்த மடு எத்தனை மீனைக் காப்பாற்ற வேண்டும்? ஆண்டுக்கு 5 சதவீதம் வளரும் இனம் ஒன்பது நல்ல ஆண்டுகளில் சுமார் ஒன்றரை மடங்கு ஆகும். பத்தாம் ஆண்டின் வறட்சி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கொன்றால்கூட, ஒன்பது ஆண்டுச் சேமிப்பு முழுவதும் போய்விடும். அதைவிட அதிகம் கொன்றால் இனம் படிப்படியாகத் தேய்ந்து மறையும். அப்படியானால் மடுவின் வேலை ஏதோ சில மீனைக் காப்பதல்ல. மூன்றில் இரண்டு பங்கு மீனைக் காப்பது. தூர்வாரும்போது அடிமட்டத்தை ஒரே சமமாக வெட்டாமல், மதகுக்கு அப்பால் ஓர் ஆழக் கிடங்கை விட்டுவையுங்கள் என்று நீர்வளத் துறையிடம் கேட்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியாது.

'இரண்டு ஏரியில் விட்டால் ஒன்று போனாலும் மற்றொன்று இருக்குமே' என்று சிலர் கேட்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ஒரு திருத்தம் வேண்டும். வறட்சி ஏரிக்கு ஏரி தனித்தனியாக வருவதில்லை. 2019இல் நான்கும் சேர்ந்தே வற்றின. எனவே கணினியில் வறட்சிக்கு ஒரே காசைச் சுண்டி, அந்த முடிவை எல்லா ஏரிக்கும் கொடுங்கள். மாசுக்கு மட்டும் தனித்தனிக் காசு. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தைக் கறுப்பாக்கியது. மேலே பூண்டி அதில் படவில்லை. வறட்சி, மாசு இரண்டையும் எல்லா ஏரிக்கும் ஒரே காசில் கட்டினாலும் தவறு, இரண்டுக்கும் ஏரிக்கு ஏரி தனிக் காசு சுண்டினாலும் தவறு.

ஆறாம் படி: ஆயிரம் முறை ஓட்டுங்கள்

ஒரு முறை ஓட்டினால் கிடைப்பது ஒரு கதை. ஆயிரம் முறை ஓட்டினால் கிடைப்பது வாய்ப்பு. முப்பதாம் ஆண்டில் எத்தனை ஓட்டங்களில் மீன் மிஞ்சியது, எத்தனையில் இல்லை என்று எண்ணுங்கள். நூறே ஓட்டம் போட்டால், இருபதுக்கு அருகே வரும் ஒரு சதவீதத்தில் எட்டு வரை மேலும் கீழும் பிழை இருக்கலாம். ஆயிரம் ஓட்டத்தில் அது இரண்டரைக்கு வந்துவிடும்.

தானே நிரல் எழுத விரும்பாதவர்களுக்கு வோர்டெக்ஸ் என்ற இலவச மென்பொருள் உண்டு. உயிரினங்கள் பிழைத்திருக்கும் வாய்ப்பைக் கணிக்கவென்றே எழுதப்பட்டது. உறவுக் கலப்பால் வரும் பலவீனத்தையும் கணக்கில் சேர்க்கும். மீன் வரத்துக்கால்வாய் வழியே ஏறி இறங்குவதை வரைபடத்தில் காண விரும்பினால் நெட்லோகோ நல்லது, அதுவும் இலவசம். என் பரிந்துரை, எக்செலில் கையால் ஒருமுறை செய்த பிறகே இவற்றைத் தொடுங்கள் என்பது. மென்பொருள் எந்தக் குப்பை எண்ணைக் கொடுத்தாலும் அழகான வரைபடம் தரும்.

பிறகு ஒவ்வொரு எண்ணையும் மேலும் கீழும் பத்து சதவீதம் நகர்த்தி, முடிவு எதற்கு அதிகம் ஆடுகிறது என்று பாருங்கள். எது ஆட்டுகிறதோ அதை அளக்கப் பணம் செலவிடுங்கள். எது அசைக்கவில்லையோ அதைப் பற்றி வாதிடுவதை நிறுத்துங்கள். வாளை போன்ற மீனில் பெரிய மீனின் பிழைப்பும் வறட்சியின் கொலை விகிதமும்தான் முன்னால் வந்து நிற்கும் என்பது என் கணிப்பு.

ஏழாம் படி: எதை எடுப்பது, எங்கிருந்து?

கொடுக்கும் ஆற்றையும் மறக்கக்கூடாது. அங்கே 400 குஞ்சு, 160 இளமீன், 200 பெரிய மீன் நிலையாக இருப்பதாக வைப்போம். நம் எண்களின்படி ஒரு குஞ்சு பெரிய மீனாக ஐந்தில் ஒரு வாய்ப்பு. இளமீனுக்கு இரண்டில் ஒன்று. ஆகவே 100 குஞ்சை எடுப்பதும், 40 இளமீனை எடுப்பதும், 20 பெரிய மீனை எடுப்பதும் அந்த ஆற்றுக்கு ஒரே இழப்பு.

கொடுப்பவருக்குச் சமம் என்றால் பெறுபவருக்கு எது நல்லது? பெரிய மீன் அடுத்த வெள்ளத்திலேயே முட்டையிடும். ஆனால் வலையில் பிடித்து, பெரிய தொட்டியில் ஏற்றி, லாரியில் கொண்டுபோகும் வழியில் பாதி செத்தால் இருபது பத்தாகிவிடும். குஞ்சு பையில் நன்றாகப் பயணிக்கும். ஆனால் முட்டையிட இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும், அதற்குள் ஒரு வறட்சி வந்துவிடலாம். இளமீன் நடுவில் நிற்கிறது. பயணத்தில் சாகும் விகிதத்தை மாற்றி மாற்றி ஓட்டினால் எந்த எல்லையில் எது வெல்கிறது என்பது தெரியும். ஆஸ்திரேலியாவில் மக்குவாரி பெர்ச் என்ற மீனுக்கு 2015இல் இதே கேள்வியைக் கணினி மாதிரியால் ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள்: எந்த வயது மீனை, எத்தனை, எத்தனை ஆண்டு இடம் மாற்றுவது?

ஒன்றில் மட்டும் ஒத்திகைக்கு இடமில்லை. வேறு ஆற்றுப்படுகையிலிருந்து மீன் கொண்டுவராதீர்கள். காவிரியின் திமில் மாசீர் மீனுக்கு நேர்ந்தது நம் கண் முன்னே இருக்கிறது. வெளியிலிருந்து நீலத்துடுப்பு மாசீரைக் குஞ்சு பொரித்து அந்த ஆற்றில் பல ஆண்டுகள் விட்டார்கள், நல்லெண்ணத்தோடுதான். வந்தது பெருகியது; காவிரிக்கே உரிய திமில் மாசீர் குறைந்துகொண்டே போய், 2018இல் 'மிக அருகிய இனம்' என்று அறிவிக்கப்பட்டது.

எட்டாம் படி: கடந்த காலத்தை ஓட்டிக் காட்டுங்கள்

மாதிரியை நம்பும் முன் அதற்கு ஒரு தேர்வு வையுங்கள். 2010இல் தொடங்கி, 2015 வெள்ளம், 2019 வறட்சி, 2023 வெள்ளம் ஆகியவற்றை உண்மையான ஆண்டுகளிலேயே கொடுத்து ஓட்டுங்கள். கொடுக்கும் இடத்தில் மீனவர்கள் நினைவில் வைத்திருக்கும் ஏற்ற இறக்கத்தோடு அது ஒத்துப்போகிறதா? 2019க்குப் பிறகு இரண்டு ஆண்டு வாளையே கண்ணில் படவில்லை என்று அவர்கள் சொல்ல, கணினி பெருகியதாகக் காட்டினால், தவறு கணினியிடம்தான்.

ஒன்பதாம் படி: அனுமதியும் உடன்பாடும்

ஏரியின் நீர் ஒரு துறை, மீன் ஒரு துறை, பல்லுயிர் ஒரு வாரியம். மூன்றிடமும் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்காமல் ஒரு மீனைக்கூட விடக்கூடாது. அதைவிடக் கடினமானது ஏரியில் மீன்பிடித்துப் பிழைப்பவர்களின் சம்மதம். வாளை வேட்டை மீன்; அவர்கள் வளர்க்கும் கட்லா, ரோகு குஞ்சுகளைத் தின்னும். அதை மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் கணக்கை அவர்கள் முன் விரித்து வைத்து, பெரிய மீனின் பிழைப்பை 60இலிருந்து 50 ஆக்கினால் என்ன ஆகிறது என்று அவர்களையே மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வலையில் தவறிச் சிக்கும் வாளையைத் திருப்பி விடுபவருக்கு ஒரு தொகை தருவது, முட்டையிடும் வாரங்களில் வரத்துக்கால்வாய் வாயில் வலை கட்டாமல் இருப்பது போன்ற ஏற்பாடுகளை அங்கேயே பேசி முடித்துவிடலாம்.

பத்தாம் படி: விட்ட பிறகு

விடும் நாளில் பையை அப்படியே ஏரி நீரில் மிதக்கவிட்டு வெப்பம் சமமாகட்டும். பிறகு ஏரி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேருங்கள். கொளத்தூரில் வண்ண மீன் வாங்கும் பள்ளிப் பிள்ளைக்கும் இதைத்தான் சொல்லி அனுப்புகிறோம். ஒவ்வொரு மீனின் துடுப்பிலும் அந்த ஆண்டுக்கான சிறு அடையாளம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்காம் ஆண்டில் பிடிபடும் மீன் நீங்கள் விட்டதா ஏரியில் பிறந்ததா என்று தெரியாது. அந்த வேறுபாடுதான் முழு முயற்சியின் அளவுகோல்.

ஒவ்வொரு ஆண்டும் மழை வடிந்த பின் மாதிரிப் பிடிப்பு நடத்தி, கிடைத்த எண்ணைக் கணினி சொன்ன எண்ணுக்குப் பக்கத்துப் பத்தியில் எழுதுங்கள். பொருந்தாவிட்டால் வாழ்வு விகிதங்களைத் திருத்தி மறுபடி ஓட்டுங்கள். எப்போது நிறுத்துவது என்பதையும் விடும் முன்பே எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டு வையுங்கள்: ஆறாம் ஆண்டில் அடையாளமில்லாத, அதாவது ஏரியிலேயே பிறந்த இளமீன் ஒன்றுகூடக் கிடைக்காவிட்டால் ஆற்றிலிருந்து மேலும் மீன் எடுப்பதில்லை என்று. கிடைத்தால் அதன் நீளத்தையும் பிடித்த இடத்தையும் குறித்துக்கொண்டு, பிடித்தவர் கையாலேயே தண்ணீரில் திருப்பி விடச் சொல்லுங்கள்.